25 கிலோமீட்டர் கோடு பிறந்த கதை

2021-ல் விழுப்புரம் பக்கத்து இளைஞர் ஒருவர் செய்திகளில் வந்தார். பழைய சைக்கிள் ஒன்றை 2,000 ரூபாய்க்கு வாங்கி, மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து சுமார் 20,000 ரூபாய் செலவில் மின்சார சைக்கிளாக்கி ஓட்டிக் காட்டினார். ஒன்றரை யூனிட் கரண்டுக்கு 50 கிலோமீட்டர் போகும், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும் என்று அப்போது வந்த செய்திகள் சொல்லின. லிட்டர் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிய ஆண்டு அது. ஊரே பாராட்டியது. பாராட்ட வேண்டிய காரியம்தான்.

அந்தச் செய்தியில் எல்லோரும் மேலோட்டமாகப் படித்துக் கடந்த எண் ஒன்று உண்டு: 30. இந்தியச் சட்டப்படி மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொடாத வரைதான் மின்சார சைக்கிள் சைக்கிளாக இருக்க முடியும். அதைத் தாண்டிவிட்டால் அது மோட்டார் வாகனம். லைசென்ஸ் வேண்டும், ஆர்.சி. வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், ஹெல்மெட் வேண்டும். விழுப்புரத்தில் ஓடினால் டி.என். 32 என்றும் திண்டிவனத்தில் ஓடினால் டி.என். 16 என்றும் நம்பர் பிளேட் வேண்டும். ஐந்து கிலோமீட்டர் வேகம் கூடியதற்கு இத்தனையா என்று கேட்பவர்களுக்கு, அந்தக் கோட்டை யார் எங்கே கிழித்தார்கள் என்று சொல்லியாக வேண்டும்.

சைக்கிளையே அரசு ஒரு காலத்தில் சும்மா விட்டதில்லை. நகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ வருடா வருடம் வரி கட்டி, தகர வில்லையை வாங்கி வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இரவில் டைனமோ எரியாமல் போனால் போலீஸ் நிறுத்தும். மெல்ல மெல்ல அந்தக் கட்டுகள் கழன்றன. இன்று சைக்கிளை நாம் எந்தக் காகிதமும் இல்லாமல் சாலைக்கு எடுத்துவரலாம். மின்சார சைக்கிள் பற்றிய வழக்கெல்லாம் இந்தச் சுதந்திரம் எதுவரை நீளும் என்பதைப் பற்றியதே.

1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், இயந்திர விசையால் சாலையில் ஓடும் எதையும் மோட்டார் வாகனம் என்றது. விசை வண்டிக்குள்ளிருந்து வந்தாலும் சரி, வெளியிலிருந்து வந்தாலும் சரி. விதிவிலக்காக, நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் 35 சி.சி.க்கு மிகாத இஞ்சின் இருந்தால் அது கணக்கில் வராது என்றும் எழுதினார்கள். 1994 திருத்தத்தில் அது 25 சி.சி. ஆனது. லூனாவும் டி.வி.எஸ். 50-யும் ஓடிய நாட்டில் எழுதிய சட்டம், சி.சி. என்ற அளவுகோல் அதற்குப் போதுமாக இருந்தது. மின்மோட்டாருக்கு சி.சி. ஏது? எரிபொருள் எரியும் அறையே அதில் இல்லை. பேட்டரியில் ஓடும் சைக்கிள் எந்தப் பக்கம் சேரும் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் நேரான பதில் இல்லாமல் போனது.

பதில் வேறு நாடுகளில் உருவாகிக்கொண்டிருந்தது. பிரிட்டன் 1983-லேயே மின்துணை சைக்கிளுக்கென்று தனி விதி எழுதி, மோட்டாரின் திறன் 200 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 15 மைலுக்கும் மிகக்கூடாது என்றது. 15 மைல் என்பது ஏறக்குறைய 24 கிலோமீட்டர். 1993-ல் ஜப்பானில் யமஹா நிறுவனம் ‘பாஸ்’ என்ற சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓட்டுபவர் மிதிக்கும் விசையை உணர்கருவி அளக்கும். மோட்டார் அதற்கு ஈடாகத் துணை செய்யும். வேகம் கூடக் கூடத் துணை குறைந்து 24 கிலோமீட்டரில் நின்றுவிடும். கால் ஓய்ந்தால் மோட்டாரும் ஓயும். மனிதன் மிதிப்பதால்தான் ஓடுகிறது, ஆகவே இது சைக்கிள் என்பது அந்த வடிவமைப்புக்குள்ளேயே இருந்த வாதம். சீனா 1999-ல் 20 கிலோமீட்டர், 240 வாட், 40 கிலோ எடை என்று எல்லை வைத்தது. அமெரிக்கா 2002-ல் 20 மைல், 750 வாட் என்று தாராளமாக வைத்தது. அதே 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது: மிதிதுணை சைக்கிளின் மோட்டார் 0.25 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டரை எட்டும்போதோ, மிதிப்பதை நிறுத்தும்போதோ அதன் விசை படிப்படியாகக் குறைந்து அற்றுப்போக வேண்டும்.

இந்த எண்கள் மனித உடலிலிருந்து வந்தவை. சாதாரண மனிதர் ஒருவர் களைப்பில்லாமல் மிதித்தால் 75 முதல் 100 வாட் தருவார். நல்ல பயிற்சி உள்ளவர் ஒரு மணி நேரம் 250 வாட் தர முடியும். சமதரையில் நிமிர்ந்து உட்கார்ந்து 25 கிலோமீட்டர் வேகத்தில் போக சுமார் 150 வாட் போதும். அதாவது, வலுவான காலுடைய ஒருவர் மிதித்துப் போகும் அளவுக்கு மட்டும் மோட்டாருக்கு இடம் கொடுத்தால், சாலையில் மற்றவர்களுக்கு அது சைக்கிளைவிடப் பெரிய ஆபத்தாக இராது என்று சட்டம் எழுதியவர்கள் கருதினார்கள்.

இந்தியாவில் அந்தக் கோடு விழுந்த நாள் 2005 செப்டம்பர் 16. மத்தியக் கப்பல், சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சராக டி.ஆர். பாலு இருந்த காலம். அன்று அரசிதழில் வந்த அறிவிக்கை, மத்திய மோட்டார் வாகன விதிகளின் இரண்டாவது விதியில் பேட்டரி வாகனத்துக்கு இலக்கணம் சேர்த்தது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, முறையான பிரேக், முன்னால் வெள்ளைப் பிரதிபலிப்பான், பின்னால் சிவப்பு. இவை இருந்தால் அந்த வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. மிதிதுணை சைக்கிளைப் பற்றிய பத்தி ஐரோப்பிய ஆணையின் வாசகத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. 2014-ல் எடைக்கும் வரம்பு சேர்ந்தது: பேட்டரி நீங்கலாக 60 கிலோ.

ஐரோப்பியர்கள் தராத ஒரு சலுகையை நம்முடைய விதி தந்தது. மிதிக்காமல், கையில் த்ராட்டிலைத் திருகி ஓட்டும் வண்டியும் இந்த எல்லைக்குள் இருந்தால் விலக்குப் பெறலாம். பெடலே இல்லாத ஸ்கூட்டருக்கும் அதே விலக்கு. நம் ஊர்களில் பின்னால் நடந்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்து கிளைத்தவை.

நல்லதை முதலில் சொல்கிறேன். 2008-ல் ஹேமலதா அண்ணாமலை கோவையில் ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கி, மின்சார சைக்கிள்களையும் மெதுவேக ஸ்கூட்டர்களையும் செய்து விற்றார். பெருநகரத்துப் பணக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட வண்டிகள் அல்ல அவை. பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் அம்மா, லைசென்ஸ் எடுக்கத் தயங்கும் ஓய்வூதியர், கால் ஊனமுற்றவர், பூக்கூடையோடு விடிகாலையில் கிளம்பும் பெண்மணி: திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்களில் இவர்களுக்கு மிதிவண்டிக்கும் மோட்டார் பைக்குக்கும் நடுவே ஒன்று தேவைப்பட்டது. பஸ் நிற்காத கிராமத்திலிருந்து கூட்டேரிப்பட்டு வரையோ கோலியனூர் வரையோ வந்து பஸ் பிடிக்கிறவருக்கு 25 கிலோமீட்டர் வேகம் தாராளம். வானூர் வட்டத்தில் இருக்கும் ஆரோவில்லின் செம்மண் பாதைகளிலும் மின் சைக்கிள்கள் சத்தமில்லாமல் ஓடுகின்றன. புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை.

கெட்டது எங்கே தொடங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்கூட்டரும் அதன்மேல் இருவருமாக மொத்தம் 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முப்பது அடி போனால் ஓர் அடி உயரும் மேம்பாலம். 250 வாட் மட்டும் கொண்டு அதில் ஏறினால் வேகம் மணிக்கு 10, 11 கிலோமீட்டருக்கு மேல் போகாது. பின்னால் அரசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். வாங்கியவர் கடைக்குத் திரும்பிப் போய், “அண்ணே, இன்னும் கொஞ்சம் ஸ்பீடு ஏத்திக் கொடுங்க” என்று கேட்பார். கேட்பதில் நியாயம் உண்டு. மிதிக்கிற சைக்கிளுக்காக அளந்த 250 வாட்டை இரண்டு பேர் உட்காரும் ஸ்கூட்டருக்குக் கொடுத்தால் அது திணறத்தான் செய்யும்.

ஏற்றிக் கொடுப்பதும் கடினமில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் கன்ட்ரோலர்தான்; மோட்டாரின் உள்ளே அந்தத் தடை இல்லை. சோதனைக்குப் போகும்போது கட்டுப்பாட்டோடு போகும் வண்டி, விற்பனைக்கு வரும்போது கட்டவிழ்ந்து வரும். ஸ்டிக்கரில் 250 வாட், சாலையில் 45 கிலோமீட்டர். காற்றின் தடையை மீறத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. 25-ல் 150 வாட் கேட்கிற வண்டி 50-ல் ஏறக்குறைய 1,000 வாட் கேட்கும். ஆகவே 250 வாட் என்று எழுதிய வண்டி 50-ல் பறந்தால், ஸ்டிக்கர் பொய் என்பது மீட்டர் இல்லாமலேயே தெரிந்துவிடும். மோதினால் விழும் அடியோ நான்கு மடங்கு. வண்டியின் பிரேக்கும் ஃபிரேமும் மட்டும் பழைய 25 கிலோமீட்டருக்குச் செய்தவை.

2019-ல் இன்னொரு திருப்பம். மத்திய அரசின் ஃபேம் மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டம், குறைந்தது 80 கிலோமீட்டர் தூரமும் 40 கிலோமீட்டர் வேகமும் போகக்கூடிய இருசக்கர வாகனங்களுக்கே மானியம் என்றது. மெதுவேக வண்டிகள் அரசின் ஆதரவிலிருந்து விடுபட்டன. விலையைக் குறைத்தும், ‘லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்’ என்று பேனர் கட்டியும்தான் அவற்றை விற்க வேண்டியிருந்தது. மறைவாக வேகம் ஏற்றித் தருவதும் விற்பனை உத்தியானது. 2022-ல் மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறையும், 2023 மே மாதம் கேரள மோட்டார் வாகனத் துறையும் கடைகளுக்குள்ளேயே போய்ச் சோதனை நடத்தி நடவடிக்கை எடுத்தன. அதுதான் சரியான இடம் என்பது என் கருத்து. விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்திலோ திண்டிவனம் மேம்பாலத்தின் கீழோ நின்று, பிளாஸ்டிக் குடத்தோடு வரும் பெண்ணை மடக்கி அபராதம் எழுதுவதால் தவறு செய்தவருக்கு எதுவும் ஆவதில்லை. விதிகளுக்குப் பொருந்தாத வண்டியை விற்கும் தயாரிப்பாளருக்கும் டீலருக்கும் வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ தரலாம் என்று 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு சொல்கிறது. ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று நம் மக்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் அது.

ஓட்டுபவருக்கு இதில் இருக்கும் ஆபத்தைப் பலர் அபராதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமைக்கு 5,000, இன்சூரன்ஸ் இல்லாமைக்கு 2,000 என்ற கணக்கு சிறியது. வேகம் ஏற்றிய வண்டி ஒருவர்மேல் மோதி அவர் கால் போனால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அதை மோட்டார் வாகனமாகத்தான் பார்க்கும். பின்னால் நிற்க இன்சூரன்ஸ் கம்பெனி இராது. பல லட்சம் ரூபாயை அந்தக் குடும்பமே கட்ட வேண்டும். ஓட்டியது பதினாறு வயதுப் பிள்ளை என்றால் 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்று நம்பி மகளுக்கு வாங்கிக்கொடுத்த அப்பாவுக்குக் கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

பேட்டரி இன்னொரு பக்கம். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்த வீட்டில் இருந்த தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலும் அடுத்த ஆண்டு மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. கம்பெனி வண்டிகளுக்கு வந்த அந்தக் கட்டுப்பாடு, பழைய லேப்டாப் செல்களைப் பிரித்தெடுத்து ஒட்டவைத்துச் செய்யும் வீட்டுப் பேட்டரியை எட்டாது. செல் ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும் கண்காணித்து, அளவு மீறினால் துண்டிக்கும் பி.எம்.எஸ். போர்டு இல்லாத லித்தியம் பேட்டரியை யாரும் வீட்டுக்குள் வைத்து சார்ஜ் போடக்கூடாது. இதைச் சைக்கிள் கடைதோறும் எழுதி ஒட்டினாலும் தகும்.

இப்போது வீட்டில் செய்யும் சைக்கிளுக்கு வருகிறேன். 2005 விதியின் நடுவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் மட்டும் போதாது. அப்படி இருக்கிறது என்று விதி 126-ல் சொல்லப்பட்ட சோதனை நிறுவனங்களில் ஒன்று சரிபார்த்து அங்கீகரிக்க வேண்டும். புனேயிலும் மானேசரிலும் இருக்கும் மையங்கள், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் இருக்கும் மையம் போன்றவை அவை. அங்கே போவது ஒரு கம்பெனியின் மாதிரி வண்டி. ஒரு மாதிரி தேறினால் அதே அச்சில் ஆயிரக்கணக்கில் செய்து விற்கலாம்; சோதனைச் செலவு அத்தனை வண்டிகள்மீதும் பரவிவிடும். ஒரே ஒரு சைக்கிளைச் செய்தவர் அந்தச் செலவை எதன்மேல் போடுவார்? அரசு கொடுத்த சைக்கிளில் 250 வாட் மோட்டார் மாட்டி, 20 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், பிரேக்கும் பிரதிபலிப்பானும் சரியாக வைத்து ஓட்டுகிற பாலிடெக்னிக் மாணவர்கூட எழுத்துப்படி பார்த்தால் பதிவில்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டுகிறார். 30-ல் ஓடுவதாகச் செய்தி வந்த சைக்கிள் 24-ல் ஓடியிருந்தாலும் நிலைமை அதேதான். வேகக் கோட்டுக்குள் நிற்பது அவர் கையில் இருக்கிறது. அங்கீகாரம் பெறும் வழி அவருக்குத் திறக்கவே இல்லை.

பெட்ரோல் பைக்கை மின்சாரத்துக்கு மாற்றுபவருக்காவது வழி உண்டு. உற்பத்தியாளர் செய்துகொடுத்த அடிப்படை அமைப்பை உரிமையாளர் தன் விருப்பத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஆனால் சோதனையில் தேறிய மாற்றுக் கிட்டைப் பொருத்தி, ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. சைக்கிளுக்கு ஆர்.சி.யே இல்லை என்பதால் எதை எங்கே மாற்றிக்கொள்வது என்ற பேச்சே எழுவதில்லை. சுதந்திரமாக இருந்த வண்டி, மோட்டார் ஏறியதும் முகவரி இல்லாத வண்டியாகிவிடுகிறது.

இந்த நாட்டில் தீர்க்க முடியாத சிக்கல் அல்ல இது. டில்லியில் சிறு பட்டறைகளில் பாகங்களைக் கோத்துச் செய்த இ-ரிக்‌ஷாக்கள் பல்லாயிரம் ஓடிக்கொண்டிருந்தன. 250 வாட்டைத் தாண்டிய மோட்டார்கள் என்பதால் அவையும் பதிவில்லாத மோட்டார் வாகனங்களே என்று கூறி, 2014 ஜூலை 31 அன்று டில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஓட்டியவர்கள் ஏழைகள், ஏறியவர்களும் ஏழைகள். அரசு அவர்களைத் தெருவில் விட்டுவிடவில்லை. அந்த அக்டோபரிலேயே இ-ரிக்‌ஷாவுக்குத் தனி விதிகள் வந்தன. 2015-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 2-ஏ என்ற பிரிவையே சேர்த்தது. பட்டறைக்காரர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது: பதிவு பெற்ற சங்கம் ஒரு மாதிரி வண்டியைச் சோதனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கினால், அதன் உறுப்பினர்கள் அதே மாதிரியில் செய்துகொள்ளலாம்.

சைக்கிளுக்கு இதைச் செய்வது இன்னும் எளிது. சைக்கிள் மெக்கானிக்குகளின் சங்கம் ஒன்று 250 வாட் ஹப் மோட்டார், வேகத்தைக் கூட்ட முடியாதபடி பூட்டிய கன்ட்ரோலர், பி.எம்.எஸ். உள்ள பேட்டரி, பிரேக்கைப் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் ஆகியவற்றை ஒரு தொகுப்பாக ஒரகடத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கட்டும். மாவட்டத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பொருத்திய சைக்கிளை அங்கே கொண்டுபோய், வேகம், பிரேக் நிற்கும் தூரம், பேட்டரி துண்டிக்கிறதா என்ற மூன்றையும் பார்த்து எண் ஒன்றைப் பொறித்துக் கொடுக்க அரை மணி நேரம் போதும். அந்த எண் இருந்தால் சாலையில் நிறுத்தும் காவலருக்கும் குழப்பமில்லை. எண் இல்லாமல் சீறிப்போகும் வண்டியை அவர் தயங்காமல் பிடிக்கலாம். இதற்குச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதுகூட இல்லை. 2005-ல் வந்தது ஓர் அரசிதழ் அறிவிக்கை; விதி 126-ல் சைக்கிள் சங்கத்தையும் சேர்க்க இன்னோர் அறிவிக்கை வேண்டும். டில்லியில் தடை வந்த ஜூலைக்கும் விதி வந்த அக்டோபருக்கும் இடையே கழிந்தது பத்து வாரம்.